ரீலைப் பார்த்தவர் ஏன் அறை எடுக்கவில்லை? கொடைக்கானல் விடுதி உரிமையாளருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் பதினான்கு அறைகள் கொண்ட குடும்ப விடுதி நடத்துகிறீர்கள். இன்ஸ்டாகிராமில் இருபதாயிரத்துக்கு மேல் ஃபாலோயர்கள். பனிமூட்டம் தவழும் ஒரு ரீலைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இருந்தும் ஜூலை, ஆகஸ்ட் மாத வார நாட்களில் பாதி அறைகள் காலியாகக் கிடக்கின்றன. வரும் புக்கிங்கிலும் பெரும்பகுதி ஆன்லைன் பயண நிறுவனங்கள் வழியாக வருவதால் கமிஷன் கையைக் கடிக்கிறது. இந்த நிலையில் சமூக ஊடக வேலையை மாதச் சம்பளத்துக்கு ஓர் ஏஜென்சியிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களிடம் பார்வையாளர்களுக்குக் குறைவில்லை. பார்த்தவர் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அவர் மனத்தில் எழும் சந்தேகங்களுக்கு உங்கள் பக்கத்தில் பதில் இல்லை. அதுதான் குறை. சிறு விடுதிகளின் சமூக ஊடக வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அழகைக் காட்டுவதற்கு எல்லா உழைப்பும் போகிறது, நம்பிக்கை தருவதற்கு யாரும் உழைப்பதில்லை.

அந்தப் பனிமூட்ட ரீலையே எடுத்துக்கொள்ளுங்கள். பைன் மரங்கள், மேகம், ஒரு தேநீர்க் கோப்பை. பார்த்தவருக்குக் கொடைக்கானலுக்குப் போக வேண்டும் என்ற ஆசை நிச்சயம் வரும். ஆனால் உங்கள் விடுதியில் தங்குவதற்கான காரணம் அதில் ஒன்றுகூட இல்லை. ஆசை வந்தவர் அடுத்த நிமிடமே ஒரு புக்கிங் செயலியைத் திறந்து, 'கொடைக்கானல்' என்று தட்டி, விலை குறைவான அறையைத் தேடுவார். நீங்கள் செலவழித்து எடுத்த காட்சி ஊர் முழுக்க உள்ள விடுதிகளுக்குச் சேர்த்து விளம்பரமாகிவிட்டது. மேகத்தைக் காட்டக் கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் மூன்றாம் எண் அறையின் ஜன்னல் வழியாக அந்த மேகத்தைக் காட்டுங்கள். கட்டில், போர்வை, கதவு, ஜன்னல் எல்லாம் சட்டகத்துக்குள் இருக்கட்டும். அறை எண்ணையும் அன்றைய வாடகையையும் எழுத்தில் போடுங்கள். பார்ப்பவர் எண்ணிக்கை குறையும். கேட்பவர் எண்ணிக்கை கூடும்.

வாடகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல விடுதிப் பக்கங்களில் ஒருவர் கருத்துப் பெட்டியில் விலை கேட்டால், 'உள்பெட்டிக்கு வாருங்கள்' என்று பதில் வருகிறது. இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் போலிருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் அது விதைக்கிறது. சீசன், சீசன் இல்லாத காலம், வார இறுதி என மூன்று விலைகளை ஒரே படத்தில் எழுதி, பக்கத்தின் மேலேயே நிலையாகப் பொருத்திவையுங்கள். விலை மாறினால் படத்தையும் மாற்றுங்கள்.

இனி சந்தேகங்களுக்கு வருவோம். மதுரையிலிருந்து இரண்டு குழந்தைகளோடும் வயதான தாயோடும் காரில் வரப்போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேகம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதவை வேறு. பிரதான சாலையிலிருந்து உங்கள் விடுதிக்கு இறங்கும் கடைசிச் சரிவில் தன் கார் திரும்பி ஏறுமா? வண்டியை உள்ளே நிறுத்தலாமா, தெருவில் விட வேண்டுமா? வெந்நீர் இருபத்துநான்கு மணி நேரமும் வருமா, காலையில் இரண்டு மணி நேரம்தானா? அம்மாவுக்குப் படி ஏற முடியாது, தரைத்தளத்தில் அறை இருக்கிறதா? இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தால் சாப்பாடு கிடைக்குமா? எக்ஸ்ட்ரா பெட் என்றால் கட்டிலா, தரையில் விரிக்கும் மெத்தையா? வத்தலக்குண்டு வழியா, பழனி வழியா, மழையில் எது நல்லது?

இவை ஒவ்வொன்றும் ஒரு ரீல். ஒவ்வொன்றையும் முப்பது நொடியில் காட்டிவிடலாம். அந்தச் சரிவில் ஒரு சாதாரண சிறிய கார் இறங்கித் திரும்பி ஏறுவதைக் கைப்பேசியில் எடுத்துப் போடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு இருக்கும் பயத்தை அந்த ஒரு காட்சி பெருமளவு தீர்த்துவிடும். குளியலறைக் குழாயைத் திறந்து வெந்நீர் வர எத்தனை நொடி ஆகிறது என்று காட்டுங்கள். காலை ஆறரை மணிக்குத்தான் கீசர் போடுவீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்து வந்தவர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்வார். வந்த பிறகு தெரிந்துகொண்டவர் குறையாக எழுதுவார்.

கொடைக்கானல் விடுதிகளுக்குக் கிடைத்திருக்கும் ஒரு பெரிய வாய்ப்பு இ-பாஸ், அதாவது இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் வாகன அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். அதில் பொதுப் போக்குவரத்துப் பஸ்களுக்கு விலக்கு இருந்தது. இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால் பயணிகள் தவித்துப்போகிறார்கள். யார் விண்ணப்பிக்க வேண்டும், எந்த விவரங்களைக் கேட்பார்கள், சோதனைச் சாவடியில் எதைக் காட்ட வேண்டும் என்று கைப்பேசித் திரையைப் பதிவுசெய்து தெளிவான தமிழில் விளக்கினால், உங்களிடம் தங்காதவர்கூட அதைச் சேமித்துவைத்து உறவினர்களுக்கு அனுப்புவார். விதி மாறிய அன்றே காணொளியைப் புதுப்பியுங்கள். பழைய தகவல் இருப்பதைவிட எதுவும் இல்லாமலிருப்பது மேல். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் உள்ள கட்டுப்பாட்டையும் இப்படியே சொல்லலாம். 'வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், எங்கள் வரவேற்பறையில் குடிநீர் நிரப்பிக்கொள்ளலாம்' என்று சொன்னால் அபராதப் பயமும் நீங்கும், விடுதியின் அக்கறையும் தெரியும்.

இந்தத் தகவல்களைக் காணொளியில் பேசுவதோடு விடாமல் பதிவின் கீழேயும் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். 2025 ஜூலை முதல் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகளைக் கூகுள் போன்ற தேடுபொறிகள் எடுத்துக்காட்ட இன்ஸ்டாகிராம் வழிவிட்டிருக்கிறது. 'கொடைக்கானலில் கார் நிறுத்தும் வசதியுள்ள குடும்ப விடுதி' என்று ஒருவர் தேடும்போது உங்கள் பதிவு அகப்பட வேண்டுமானால் அந்தச் சொற்கள் பதிவில் இருக்க வேண்டும். முப்பது ஹேஷ்டேகுகளை அடுக்குவது அந்த வேலையைச் செய்யாது.

சமூக ஊடகம் என்றதும் இன்ஸ்டாகிராமையே நினைக்கிறோம். என்னைக் கேட்டால் பதினான்கு அறை விடுதிக்குக் கூகுள் மேப்ஸில் உள்ள உங்கள் தொழில் பக்கம் அதைவிட முக்கியம். ரீலைப் பார்த்தவரும், புக்கிங் செயலியில் உங்கள் பெயரைக் கண்டவரும், நண்பர் சொல்லிக் கேட்டவரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். அந்தப் பக்கத்தை உங்கள் பெயரில் உறுதிப்படுத்தியிருக்கிறீர்களா? தொலைபேசி எண் உங்களுடையதுதானா? இதை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மேப்ஸில் எவரும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதைப் பயன்படுத்தி எண்ணை மாற்றிவைக்கும் மோசடிகளும், விடுதியின் பெயரில் போலி இணையதளம் தொடங்கி அட்வான்ஸ் வாங்கும் மோசடிகளும் நடக்கின்றன. சுற்றுலா, புனிதப் பயண முன்பதிவுகளில் நடக்கும் இந்த ஏமாற்று குறித்து மத்திய உள்துறையின் இணையக் குற்றத் தடுப்பு மையமே 2025 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. 'எங்களுக்கு இந்த ஒரு எண், இந்த ஒரு வங்கிக் கணக்கு மட்டும்தான். வேறு எண்ணிலிருந்து பணம் கேட்டால் எங்களை அழையுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுங்கள்' என்று உங்கள் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பணம் கட்டத் தயங்கும் மனிதருக்கு இதைவிட ஆறுதல் தரும் பதிவு வேறில்லை.

படங்களும் அப்படித்தான். மேப்ஸில் உங்கள் விடுதிக்கு விருந்தினர்கள் போட்ட மங்கலான பழைய படங்களே முன்னால் நின்றால், ஒவ்வொரு அறை வகைக்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்த புதிய படங்களைச் சேர்த்துவிடுங்கள். அகன்ற லென்ஸில் எடுத்துப் பத்துக்குப் பத்து அறையை மண்டபம் போலக் காட்ட வேண்டாம். அந்தப் படம் அறையை விற்றுத்தரும், ஆனால் செக்-இன் ஆன பத்தாவது நிமிடத்தில் சண்டையையும் கொண்டுவரும்.

அடுத்தது வாட்ஸ்அப். விசாரணை புக்கிங்காக மாறுவதும் மாறாமல் போவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிறு வணிகர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அறைகளின் படத்தோடு பட்டியல் வைக்கலாம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதிலைச் சேமித்துவைக்கலாம், 'விசாரணை', 'அட்வான்ஸ் வந்தது', 'வந்து சென்றவர்' என்று அடையாளம் இட்டுப் பிரிக்கலாம். வசதிகள் எல்லாம் இருந்தும் பெரும்பாலான விடுதிகளில் நடப்பது என்ன? இரவு எட்டு மணிக்கு ஒருவர் 'சனி, ஞாயிறு இரண்டு ரூம் கிடைக்குமா?' என்று கேட்கிறார். மறுநாள் காலை பதினொன்றுக்கு 'எஸ்' என்று ஒரு சொல் போகிறது. அதற்குள் அவர் ஐந்து விடுதிகளிடம் கேட்டு, முதலில் முழுப் பதில் சொன்னவரிடம் பணம் கட்டிவிட்டார்.

குடும்பத்தினர் பயணத்தைத் திட்டமிடுவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆகவே இரவு எட்டிலிருந்து பத்தரை வரை ஒருவர் அந்தக் கைப்பேசியோடு இருக்க வேண்டும். வரவேற்பறையில் இருப்பவருக்கே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அதற்காக அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுங்கள். முதல் பதிலிலேயே விசாரிப்பவர் முடிவெடுக்கத் தேவையான அனைத்தும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

'வணக்கம். வரும் சனிக்கிழமை பகல் 12 மணி முதல் ஞாயிறு பகல் 11 மணி வரை இரண்டு டபுள் ரூம் இருக்கிறது. ஓர் அறைக்கு வரியுடன் 3,150 ரூபாய், இரண்டு பேருக்குக் காலை உணவு சேர்த்து. கார் உள்ளேயே நிறுத்தலாம். வெந்நீர் காலை 6 முதல் 10 வரை, மாலை 6 முதல் 9 வரை. தரைத்தளத்தில் ஓர் அறை தர முடியும். அறைகளின் படம், வரும் வழியின் காணொளி, மேப்ஸ் இணைப்பு மூன்றையும் கீழே அனுப்பியிருக்கிறேன். இன்று இரவு 10 மணி வரை இந்த இரண்டு அறைகளையும் உங்களுக்காக வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் 1,500 ரூபாய். ஐந்து நாள் முன்பு சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும். எத்தனை பேர், குழந்தைகள் உண்டா என்று சொன்னால் போர்வைகளைத் தயாராக வைப்போம்.'

இதைப் பார்த்ததும் அவருக்குக் கேட்க எதுவும் மிச்சமிருக்காது. பத்து மணி வரை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் உண்மையிலேயே வைத்திருங்கள். 'ஒரு அறைதான் மிச்சம், இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது சில ஊர்களில் பழக்கமாகிவிட்டது. வந்து இறங்கியவர் காலியான தாழ்வாரத்தைப் பார்த்ததும் உண்மை வெளிப்பட்டுவிடும், அவர் மறுபடி வர மாட்டார். அறை இல்லாதபோதும் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நம்பும் இன்னொரு விடுதியின் எண்ணைக் கொடுங்கள். மே மாதக் கூட்டத்தில் இப்படி உதவி பெற்றவர் ஆகஸ்ட்டில் நேராக உங்களிடம் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடையாள அட்டை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் வரும் ஆதார் படங்கள் ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளில் தேங்கிக் கிடக்கவிடாதீர்கள். எண் மறைக்கப்பட்ட ஆதார் போதும் என்றால் அதையே கேளுங்கள். பதிவேட்டுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். விருந்தினர்களின், குறிப்பாகக் குழந்தைகளின் முகம் உங்கள் ரீலில் வருவதற்கு முன் கேட்டு அனுமதி வாங்குங்கள். தேனிலவுக்கு வந்தவர்களைத் தொலைவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் போடும் விடுதிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நம்பி வந்தவர்களின் தனிமையை விற்கிற வேலை அது.

கமிஷன் கணக்கையும் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வாடகை 3,000 ரூபாய், கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 600 ரூபாய். அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 108 ரூபாய். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது நீங்கள் வாங்கும் சேவைகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. எனவே அந்த 108 ரூபாயை நீங்கள் எதிலும் ஈடுகட்ட முடியாது. ஓர் இரவுக்கு 708 ரூபாய் போகிறது. நேரடியாக வரும் விருந்தினருக்கு இரண்டு பேரின் காலை உணவை அந்தத் தொகையிலிருந்தே கொடுத்தாலும் உங்கள் கையில் மிச்சம் நிற்கும். நேரடி புக்கிங்குக்கு நீங்கள் தர வேண்டிய சலுகைக்கான பணம் வேறெங்கிருந்தும் வர வேண்டியதில்லை.

அதற்காக அந்தச் செயலிகளிலிருந்து வெளியேறிவிட வேண்டாம். 2009-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, எக்ஸ்பீடியா என்ற பயண முன்பதிவுத் தளத்தில் பட்டியலிடப்பட்டிருந்த காலத்தில் விடுதிகளின் பிற வழி புக்கிங்குகள் 7.5 முதல் 26 சதவீதம் வரை கூடியதைக் காட்டியது. அங்கே பெயரைப் பார்த்தவர்கள் விடுதியைத் தனியாகத் தேடி வந்தார்கள். சிறிய ஆய்வுதான், பழையதும்கூட. ஆனால் நடப்பது இன்றும் அதுவே. செயலியில் உங்களைப் பார்த்தவர் இன்ஸ்டாகிராமிலும் மேப்ஸிலும் உங்கள் பெயரைத் தட்டுகிறார். அந்த நொடியில் எண், விலை, படம், பதில் எல்லாம் தயாராக இருந்தால் அவர் நேரடி விருந்தினர்.

விலையை நேரடியாகக் குறைக்கலாமா என்பதற்கு உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். வேறெங்கும் குறைந்த விலைக்குக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இந்தியாவில் பெரிய வழக்கானது. 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. விலைச் சமநிலை நிபந்தனைகளை மாற்றும்படி மேக்மைட்ரிப்புக்கு உத்தரவிட்டது. எனினும் நான் சொல்வது, விலையைத் தொடாமல் பொருளாகக் கொடுங்கள் என்பதே. சீக்கிரம் செக்-இன், காலை உணவு, பூம்பாறைப் பூண்டு ஒரு சிறு பை. வாடகையைக் குறைத்துப் பழக்கினால் மறுபடி ஏற்ற முடியாது.

ரிவ்யூ பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விடுதிக்குக் கிடைக்கும் மிக வலிமையான சமூக ஊடகப் பதிவை எழுதுவது விருந்தினர்தான், நீங்கள் அல்ல. இதே கார்னெலின் 2012 ஆய்வில், ஐந்துக்கு மதிப்பெண் போடும் முறையில் ஒரு விடுதியின் மதிப்பு ஒரு புள்ளி உயர்ந்தால், அறை நிரம்புவது குறையாமலே வாடகையை 11.2 சதவீதம் உயர்த்த முடியும் என்று கண்டார்கள். டெக்சாஸ் மாநில விடுதிகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு 2017-இல் வெளியானது. பயண விமர்சனத் தளமான டிரிப்அட்வைசரில் பதில் எழுதத் தொடங்கிய விடுதிகளுக்கு 12 சதவீதம் கூடுதல் விமர்சனங்கள் வந்தன, சராசரி மதிப்பு 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. அதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி வேறு. பதில் வரும் என்று தெரிந்ததும் குறை சொல்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. சொன்னவர்கள் நீளமாக, விவரமாக எழுதினார்கள். போகிறபோக்கில் 'மோசம்' என்று எழுதிப் போகிறவர்கள் குறைந்தார்கள். விவரமான குறை விடுதிக்கு நல்லது. எந்தக் குழாயைச் சரிசெய்ய வேண்டும் என்று அதுதான் சொல்கிறது.

பதில் எழுதும்போது எழுதியவரை ஜெயிக்க நினைக்காதீர்கள். அதைப் படிக்கப்போவது அடுத்து வரவிருக்கும் நூறு பேர். 'வெந்நீர் வரவில்லை' என்று ஒருவர் எழுதினால், 'அன்று மின்தடை, நாங்கள் என்ன செய்ய முடியும்' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. 'அன்று காலை மின்தடையால் கீசர் ஓடவில்லை. உங்கள் அம்மாவுக்குச் சிரமமானதற்கு வருந்துகிறோம். இப்போது மின்தடை நேரத்துக்கு விறகு பாய்லர் வைத்திருக்கிறோம்' என்று எழுதுங்கள். பாய்லர் வைத்த பிறகுதான் அப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எல்லாருக்கும் ஒரே 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒட்டுவது பதிலே இல்லை.

குறை எழுதியவரை மிரட்டிய விடுதிக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் இருந்த யூனியன் ஸ்ட்ரீட் கெஸ்ட் ஹவுஸ், திருமணத்துக்கு அறைகள் எடுத்தவர்களின் விருந்தினர் மோசமான விமர்சனம் எழுதினால் 500 டாலர் பிடித்துக்கொள்வோம் என்று விதி வைத்திருந்தது. 2014 ஆகஸ்ட்டில் அது செய்தியானதும், அங்கே தங்கியே இராத மக்கள் யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஆயிரக்கணக்கில் கண்டனங்களைக் கொட்டினார்கள். எதைத் தடுக்க நினைத்தார்களோ அது பல மடங்காக வந்து சேர்ந்தது.

நல்ல விமர்சனத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று சொல்வது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. கண்டுபிடித்தால் அவற்றை நீக்கிவிடுவார்கள். கேட்பதில் தவறில்லை. செக்-அவுட் ஆகிறவர் மனம் நிறைந்து விடைபெறும்போது, வரவேற்பறை மேசையில் உள்ள க்யூஆர் அட்டையைக் காட்டி, 'உங்கள் அனுபவத்தை எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்' என்று அங்கே இருப்பவர் தன் வாயால் சொல்லட்டும். மாலையில் அவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்ற நேரத்தில், 'நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா?' என்ற விசாரிப்போடு அதே இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அந்த விசாரிப்பு உண்மையாக இருந்தால் அதற்குப் பதில் வரும்.

இலவசமாகத் தங்கவைத்தால் ரீல் போடுகிறேன் என்று கேட்கும் இன்ஃப்ளுயன்சர்களைப் பற்றிச் சுருக்கமாக. சீசனில் வேண்டாம். ஜூலை வார நாளில், காலியாகக் கிடக்கும் அறையில், கவனமாகத் தேர்ந்தெடுத்த ஒருவருக்குக் கொடுக்கலாம். ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவருடைய பக்கத்தில் கருத்து எழுதுபவர்கள் மதுரை, கோவை, திருச்சி, கொச்சிக் குடும்பங்களா என்று பாருங்கள். ஓரிரண்டு பழைய காணொளிகளின் கீழே 'வாடகை எவ்வளவு, எண் என்ன' என்று கேட்டிருக்கிறார்களா என்று படியுங்கள். வெறும் இதயக் குறிகள் மட்டும் இருந்தால் பயனில்லை. இலவசத் தங்கலும் பணத்துக்குச் சமம். அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. எடுத்த காணொளியின் மூலப்பதிவை உங்களுக்கும் தர வேண்டும், குறையிருந்தால் மறைக்காமல் சொல்லலாம் என்று முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

காட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் தெருக்களில் இப்போது காட்டுமாடுகள் சர்வ சாதாரணமாக நடமாடுகின்றன. அவற்றின் பக்கத்தில் விருந்தினர் நிற்கும் காட்சி நிறையப் பேரை இழுக்கும். போடாதீர்கள். அதைப் பார்த்து வரும் அடுத்தவர் இன்னும் ஒரு அடி நெருங்குவார். இரவு வனச் சவாரி, அனுமதியில்லாத அருவி, காட்டோரக் கூடாரம் என்று விளம்பரம் செய்து வாடிக்கையாளர் பிடிக்கவும் வேண்டாம். 2021 ஜனவரியில் நீலகிரியின் மசினகுடியில் ஒரு யானை மீது எரியும் பொருளை வீசிய காணொளி நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். யானை இறந்தது, தொடர்புடைய விடுதிக்கு சீல் வைக்கப்பட்டது. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுக்கிற விடுதியாக இருங்கள்.

விளம்பரச் செலவு மே மாதத்துக்குத் தேவையே இல்லை. மலர்க் கண்காட்சி நாட்களில் அறை தானாகவே நிரம்பும். பணத்தைச் சேர்த்துவைத்து ஜூன் கடைசியிலிருந்து செலவழியுங்கள். தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் வகை விளம்பரம் போதும். இந்தியா முழுவதற்கும் காட்டாமல், ஐந்து மணி நேரத்துக்குள் காரில் வந்துவிடக்கூடிய ஊர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். வார நாளில் யாரால் வர முடியும்? ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள். இணைய வேகம் எவ்வளவு, மின்சாரம் போனால் மாற்று உண்டா, மேசை நாற்காலி இருக்கிறதா என்று காட்டும் ஒரு விளம்பரம் ஜூலைச் செவ்வாய்க்கிழமையை நிரப்பும். பனிமூட்டம் நிரப்பாது.

ஏஜென்சி கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம். மேலே சொன்ன எதையும் சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து ஒருவர் செய்ய முடியாது. வெந்நீர்க் குழாயும் கடைசிச் சரிவும் இரவு எட்டு மணி வாட்ஸ்அப்பும் உங்கள் வாசலில் இருக்கின்றன. அந்தப் பணத்தில் ஊரிலேயே படித்துவிட்டு வேலை தேடும் ஒரு பையனையோ பெண்ணையோ பகுதி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் வழியும் வானிலையும் அவர்களுக்குத் தெரியும். அதோடு வரவேற்பறைப் பதிவேட்டில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகப் போட்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் 'எங்களை எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ரீல், மேப்ஸ், செயலி, பழைய விருந்தினர், வாக்-இன் என்று ஒரு சொல் போதும். ஒரு முழு ஆண்டுக்குப் பிறகும் ஏஜென்சி தேவை என்று தோன்றினால், அந்தப் பதிவேட்டை மேசைமீது வைத்து அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதில் எந்தக் கட்டத்தை நீங்கள் உயர்த்துவீர்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகு கணக்குகளும் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கும்? ஃபாலோயர்களைக் கூட்டுவோம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கடவுச்சொல் எங்களிடம்தான் இருக்கும் என்றாலும் அப்படியே.